ரூபாய்க் கணக்குக்கு முன் லிட்டர் கணக்கு: சொட்டுநீர் மதிப்பீடு பற்றி வாசகர் கேள்விகள்

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க ஆகும் செலவைக் கணினியில் மதிப்பிடுவது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கடிதங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எனக்குக் கோபிசெட்டிபாளையம் அருகே ஏறத்தாழ ஓர் ஏக்கர் வயல் இருக்கிறது. வாழைக்குச் சொட்டுநீர் போடலாம் என்று இரண்டு இடங்களில் கொட்டேஷன் வாங்கினேன். இரண்டுக்கும் இடையே பதினெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். கல்லூரியில் படிக்கும் என் மகள் எக்செல்லில் கணக்குப் போட்டுத் தந்த தொகையோ இரண்டிலும் சேரவில்லை. எதை நம்புவது? நாமே சரியாக மதிப்பிட முடியுமா?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் மகள் போட்ட தாளை நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்தீர்கள். பெருக்கலிலும் கூட்டலிலும் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அந்தத் தாளின் முதல் வரியே ‘லேட்டரல் குழாய், மீட்டர் விலை’ என்று தொடங்குகிறது. (லேட்டரல் என்பது பயிர் வரிசையோடு ஓடும் சிறு குழாய்.) வயலின் நீள அகலமும் மோட்டார் தரும் தண்ணீரின் அளவும் தாளில் எங்குமே இல்லை. கடைக்காரர் சொன்ன ‘ஏக்கருக்கு இத்தனை மீட்டர்’ என்ற பொதுக்கணக்கை வாங்கி விலையால் பெருக்கியிருக்கிறார். கொட்டேஷன் தந்த இருவரும் அநேகமாக அதையேதான் செய்திருப்பார்கள். கணினியில் முதலில் ஏற வேண்டியது ரூபாய் அல்ல, மீட்டரும் லிட்டரும்தான்.

வயலிலிருந்து தொடங்குவோம். சிட்டாவில் உள்ள பரப்பு வரிக்கு உதவும், குழாய்க்கு உதவாது. வரப்பு, வாய்க்கால், களத்துமேடு, கிணற்றைச் சுற்றிய இடம் எல்லாம் அதில் அடங்கிவிடும். புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நடவு செய்யப்போகும் பகுதியின் நான்கு பக்கங்களையும் டேப்பால் அளவெடுங்கள். நான்கு பக்கங்கள் மட்டும் போதாது. மூலைக்கு மூலை ஒரு குறுக்களவும் வேண்டும். அந்தக் குறுக்குக்கோடு வயலை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கும். மூன்று பக்கங்களும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பைக் காணப் பள்ளியில் படித்த சூத்திரம் நினைவிருக்கும். பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, அந்தப் பாதியோடு கிடைக்கும் மூன்று எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். கையால் செய்தால் அரைமணி நேரம் பிடிக்கும். எக்செல்லில் ஒரே கட்டத்தில் முடிந்துவிடும். நீங்கள் எழுதியிருந்த அளவுகளை இட்டுப் பார்த்தேன். 60, 72 மீட்டர் பக்கங்களும் 90 மீட்டர் குறுக்கும் கொண்ட முக்கோணம் 2,153 சதுர மீட்டர். 58, 66 மீட்டர் பக்கங்களும் அதே குறுக்கும் கொண்டது 1,912 சதுர மீட்டர். மொத்தம் 4,065 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் நூறு சென்டுக்குச் சற்றே கூடுதல். உங்கள் வயல் கணக்குக்கென்றே அளந்து வைத்தாற்போல் அமைந்துவிட்டது.

வாழைக்கு 1.8 மீட்டர் இடைவெளி என்று எழுதியிருக்கிறீர்கள். பரப்பை வரிசை இடைவெளியால் வகுத்தால் லேட்டரல் நீளம் கிடைக்கும். 4,065-ஐ 1.8-ஆல் வகுக்க 2,258 மீட்டர். கன்றுக்குக் கன்றும் 1.8 மீட்டர் என்பதால் 1,255 கன்றுகள். கன்றுக்கு இரண்டு டிரிப்பர் (தண்ணீரைச் சொட்டவிடும் முனை), ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் 2,510 டிரிப்பர்கள். அத்தனையும் ஒருசேரச் சொட்டினால் மணிக்கு 10,040 லிட்டர் தண்ணீர் வேண்டும். இந்தக் கடைசி எண்ணைச் சிவப்பில் எழுதி வையுங்கள்.

அடுத்து உங்கள் மோட்டார். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 7,20,000-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். 72 விநாடியில் நிரம்பினால் 10,000 லிட்டர். இந்தச் சோதனையில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. முதலாவது, திறந்த வாயில் கொட்டும் தண்ணீர் சொட்டுநீர்க் குழாயின் அழுத்தத்தில் அப்படியே வராது. வால்வைச் சற்று மூடி, பிரஷர் கேஜில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ காட்டும்படி வைத்துக்கொண்டுதான் டிரம்மைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, கார்த்திகையில் கிணறு ததும்பும்போது எடுத்த அளவு சித்திரைக்குப் பொருந்தாது. கோடை அளவு கையில் இல்லையென்றால், சென்ற கோடையில் எத்தனை மணி நேரத்தில் மோட்டார் காற்று வாங்கத் தொடங்கியது என்ற நினைவையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தில் 7,000 லிட்டர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேவை 10,040. வயலை இரண்டு பாத்தியாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகத் திறக்க வேண்டியிருக்கும். கூடுதலாக ஒரு வால்வும், லேட்டரல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் சப் மெயின் குழாய் கொஞ்சமும் செலவு. அதே நேரத்தில் ஒரு வேளைக்கு ஓடும் தண்ணீர் பாதியாகிவிடுவதால், கிணற்றிலிருந்து வயலுக்கு வரும் மெயின் லைனின் விட்டத்தைக் குறைக்கலாம். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று கொண்டால், இரண்டு டிரிப்பரும் சேர்ந்து மணிக்கு 8 லிட்டர் தருவதால் ஒரு பாத்திக்கு இரண்டரை மணி நேரம். இரண்டுக்கும் ஐந்து மணி நேரம். உங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் அத்தனை மணி நேரம் தொடர்ந்து வருகிறதா என்பதையும் தாளில் ஒரு வரியாகச் சேருங்கள். எந்தக் கொட்டேஷனிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

இனி அந்தப் பதினெட்டாயிரத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய இரண்டு கொட்டேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். விலை குறைந்ததில் லேட்டரல் 12 மில்லிமீட்டர். கூடியதில் 16 மில்லிமீட்டர். குறைந்ததில் சப் மெயின் வயலின் ஒரு விளிம்பில் போகிறது. எனவே ஒவ்வொரு லேட்டரலும் சராசரி 68 மீட்டர் நீளம் ஓட வேண்டும். அதில் 76 டிரிப்பர்கள், அதாவது மணிக்கு 304 லிட்டர். 12 மில்லிமீட்டர் குழாயில் இந்த அளவு தண்ணீரை அவ்வளவு தூரம் தள்ளினால், என் கணக்கின்படி உராய்வில் மட்டும் நான்கு மீட்டருக்கு மேல் அழுத்தம் போய்விடும். டிரிப்பருக்குக் கொடுப்பதே பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அதாவது கேஜில் ஏறத்தாழ ஒரு கிலோதான். கடைசி வாழை மரம் முதல் மரத்தைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவாகக் குடிக்கும். அதே தண்ணீர் 16 மில்லிமீட்டர் குழாயில் போனால் இழப்பு ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும்.

ஆனால் கூடிய விலைதான் சரி என்றும் முடிவுகட்ட வேண்டாம். சப் மெயினை வயலின் நடுவில் கொண்டுபோய் இரு பக்கமும் லேட்டரல் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் 34 மீட்டர்தான். நீளமும் பாதி, ஓடும் தண்ணீரும் பாதி. இழப்போ ஏழில் ஒரு பங்காகிவிடும். அப்போது 12 மில்லிமீட்டரே தாராளமாகப் போதும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது, வயலின் விளிம்பிலிருந்து நடுவுக்கு வர ஐந்தாறு பிவிசி குழாய்களும், லேட்டரலைச் சப் மெயினோடு இணைக்கும் டேக்-ஆஃப்கள் 33-க்குப் பதில் 66-உம், லேட்டரலின் முனையை அடைக்கும் எண்ட் கேப்கள் 66-உம். 2,258 மீட்டரில் மீட்டருக்கு நான்கு ரூபாய் மிச்சமானாலே ஒன்பதாயிரம் ஆகிறது. கூடுதல் உதிரிகளின் விலையை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். விலைகளை உங்கள் கடையில் கேட்டு இடுங்கள். நான் சொன்ன நான்கு ரூபாய் எடுத்துக்காட்டுக்குத்தான். கணினியின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. சப் மெயினைத் தாளில் இடம் மாற்றி மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குழி தோண்டிய பிறகு மாற்ற முடியாது.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிவிசி குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் வருகிறது. எனவே தேவையான நீளத்தை ஆறால் வகுத்து, ரவுண்டப் என்ற கட்டளையால் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். லேட்டரலை முழுச் சுருளாக வாங்குவதானால் அதற்கும் அப்படியே. ஃபில்டரை மணிக்கு ஓடும் லிட்டரைப் பார்த்தும் தண்ணீரைப் பார்த்தும் தேர்ந்தெடுங்கள். கிணற்றில் பாசி இருந்தால் மணல் ஃபில்டர், போர்வெல்லில் மணல் வந்தால் ஹைட்ரோசைக்ளோன், இரண்டுமில்லையென்றால் ஸ்கிரீன் அல்லது டிஸ்க் ஃபில்டர் போதும். உரம் விட வெஞ்சுரி, இரண்டு பிரஷர் கேஜ், ஃபிளஷ் வால்வு, காற்றுப்போக்கி ஆகியவை சின்னச் செலவுகள்தாம் என்றாலும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ‘இதர உதிரிகள்’ என்று ஒரே வரியில் மொத்தமாகப் போட்டால் பணம் எங்கே போனது என்பது பிறகு தெரியாது. குழி தோண்டும் கூலியை மறக்க வேண்டாம்.

மெயின் லைனின் விட்டத்தில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு. மணிக்கு 10,000 லிட்டர் ஓடும்போது நூறு மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் குழாயில் ஏறத்தாழ 6 மீட்டர் அழுத்தம் போகிறது. 63-இல் 2 மீட்டர். 75-இல் ஒரு மீட்டருக்கும் குறைவு. 50-லிருந்து 63-க்கு மாறுவது பெரும்பாலும் லாபம். 63-லிருந்து 75-க்குப் போவது கிணறு வெகுதூரத்தில் இருந்தால்தான் தேவைப்படும். உங்கள் கிணறு 90 மீட்டரில் இருக்கிறது, 63 போதும்.

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் நிலத்தை மா, வேலி என்றுதான் சொல்வோம். கணினி நிரல் ஹெக்டேர் கேட்கிறது. டேப்பில் அடி இருக்கிறது. கடையில் மீட்டர் என்கிறார்கள். எந்த அளவையில் கணக்கை வைப்பது?

பதில்: உள்ளே நடக்கும் கணக்கு முழுவதும் மீட்டரில் இருக்கட்டும். உள்ளிடும் கட்டங்களையும் விடை காட்டும் கட்டங்களையும் மட்டும் உங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மா ஓர் ஏக்கர். ஒரு வேலி இருபது மா, அதாவது 6.67 ஏக்கர், ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஓர் அடி 0.3048 மீட்டர். இந்த நான்கையும் தாளின் தலைப்பில் ஒருமுறை எழுதி, கீழே வரும் எல்லாக் கட்டங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுமாறு செய்தால் போதும்.

டேப்பின் ஒரு பக்கம் அடியும் மறுபக்கம் மீட்டரும் இருப்பது எத்தனை பெரிய பொறி என்பதை என் சொந்தச் செலவில் கற்றவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் கிணற்றிலிருந்து வயல் வரை அளந்து 200 என்று துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டேன். அது அடி. இரவில் கணினி முன் உட்கார்ந்தபோது மீட்டர் கட்டத்தில் 200 என்று இட்டுவிட்டேன். 11 குழாய் வாங்க வேண்டிய இடத்தில் 34 குழாய் வந்து இறங்கின. மீதமிருந்த 23 குழாய்களைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் வெயிலில் கிடந்து பாதி வெளுத்து நொறுங்கிப்போயின. அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் அளவையை எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

எண் இருக்கும் கட்டத்திலேயே ‘61 மீ’ என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். கணினி அதை எண்ணாகக் கொள்ளாது. அதைப் பெருக்கச் சொன்னால் பிழை என்று காட்டும். அது நல்லது. கூட்டல் கட்டளையில் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மொத்தத்தைக் குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து.

கேள்வி: பொள்ளாச்சியில் ஐந்து ஏக்கர் தென்னை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி, பாசன வடிவமைப்புக்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன, எக்செல் எதற்கு என்கிறான். அவன் அனுப்பிய ஒரு நிரலில் போட்டுப் பார்த்ததில் மோட்டார் இரண்டு குதிரைத்திறன் போதும் என்று வந்தது. எங்கள் போர்வெல்லில் ஏழரை ஓடிக்கொண்டிருக்கிறது!

பதில்: தம்பி சொல்வது தவறல்ல. பயிருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைத் தட்பவெப்பத் தரவுகளிலிருந்து கணிக்க ஐநா உணவு வேளாண்மை நிறுவனத்தின் கிராப்வாட் இலவசமாகக் கிடைக்கிறது. குழாய் வலைப்பின்னலில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் நிற்கும் என்று பார்க்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஈபாநெட் இருக்கிறது, அதுவும் இலவசம். நியூசிலாந்தில் உருவான இர்ரிகேட் போன்ற விலைக்குரிய மென்பொருள்கள் வரைபடம் போட்டு, உதிரிபாகப் பட்டியல் வரை எடுத்துத் தரும். முதல் இரண்டும் செலவைச் சொல்வதற்காக உருவானவை அல்ல. தண்ணீரையும் அழுத்தத்தையும் சொல்லும். மூன்றாவது வகை, வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒரு தோட்டத்துக்காக அதை வாங்குவது, ஒரு கல்யாணத்துக்காகப் பந்தல் கடை வைப்பது போன்றது.

இரண்டு குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மோட்டாரின் திறனைக் காண எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. விநாடிக்கு ஓடும் லிட்டரையும் தண்ணீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரத்தின் மீட்டரையும் பெருக்கி, 75-ஆலும் பம்பின் செயல்திறனாலும் வகுக்க வேண்டும். உங்கள் போர்வெல் மணிக்கு 5,000 லிட்டர் தருவதாக எழுதியிருக்கிறீர்கள், விநாடிக்கு 1.39 லிட்டர். மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் 500 அடியில் நிற்கிறது, 152 மீட்டர். ஃபில்டர், குழாய் உராய்வு, டிரிப்பர் அழுத்தம் எல்லாவற்றுக்குமாக இன்னும் 18 மீட்டர் சேர்த்தால் 170. செயல்திறன் 45 சதவீதம் என்று கொண்டால் விடை ஏழு குதிரைத்திறன். கடையில் கிடைப்பது ஏழரை. உங்கள் மோட்டார் சரியாகத்தான் இருக்கிறது.

நிரலில் நீர்மட்ட ஆழம் என்ற கட்டத்தை நீங்கள் நிரப்பாமல் விட்டிருக்க வேண்டும். அல்லது ஆறு, ஏரியிலிருந்து இறைப்பதாக அது தானே வைத்துக்கொண்ட எண்ணிலேயே ஓடியிருக்க வேண்டும். எந்த மென்பொருளைத் திறந்தாலும், நாம் தொடாமலே நிரம்பியிருக்கும் கட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மின்கட்டணக் கட்டமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். வெளிநாட்டு நிரலோ யூனிட்டுக்கு ஒரு விலையை எடுத்துக்கொண்டு, ஆண்டுச் செலவில் பெருந்தொகையைச் சேர்த்துவிடும். அந்தக் கட்டத்தில் சுழியத்தை இட்டு, மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தை வரம்பாக வையுங்கள்.

உங்களுக்குச் செலவு கூடும் இடம் வேறு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. ஐந்து ஏக்கரில் 350 மரம். மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு என்றால் மணிக்கு 11,200 லிட்டர் தேவை. போர்வெல் தருவது 5,000. தோட்டத்தை மூன்று பாத்தியாகப் பிரித்துவிட்டால், தரைத்தொட்டியும் அதிலிருந்து தள்ள இரண்டாவது மோட்டாரும் இல்லாமலே சமாளிக்கலாம். தொட்டி கட்டியாக வேண்டும் என்று யாராவது சொன்னால், தாளில் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஏக்கர் கரும்பு. மின் இணைப்புக்குக் காத்திருக்கிறேன். இப்போது டீசல் இன்ஜின்தான். சொட்டுநீருக்கு அறுபதாயிரம் ஆகும் என்றால் ஆண்டுக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? ஏழால் வகுத்தால் போதுமா?

பதில்: லேட்டரலுக்கும் டிரிப்பருக்கும் ஏழு ஆண்டு ஆயுள் என்று கொள்வது நியாயமான கணக்கு. ஏழால் வகுத்தால் 8,571 ரூபாய் வரும். ஆனால் அந்தப் பணம் கடனாக வந்திருந்தால் வட்டி உண்டு. கைப்பணமே என்றாலும் வங்கியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். எக்செல்லில் பிஎம்டி என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. வட்டி விகிதம், ஆண்டுகள், தொகை மூன்றையும் கொடுத்தால், ஆண்டுதோறும் சமமாகக் கட்ட வேண்டிய தவணையைச் சொல்லும். 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டு, 60,000 ரூபாய் என்றால் ஏறத்தாழ 11,920. விடை கழித்தல் குறியோடு வந்தால் பதற வேண்டாம்; பணம் கையை விட்டுப் போகிறது என்பதை அது அப்படித்தான் காட்டும்.

பிவிசி குழாய் மண்ணுக்குள் புதைந்திருப்பதால் இதைவிட நெடுங்காலம் இருக்கும். ஃபில்டர் வலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே ஆயுளில் அடக்காமல் தனித்தனிப் பிஎம்டி போடுவது நல்லது.

இதெல்லாம் உங்கள் விஷயத்தில் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு டீசலில் இருக்கிறது. ஐந்தடி வரிசை இடைவெளியில் ஏக்கருக்கு 2,700 மீட்டர் இன்லைன் குழாய் (டிரிப்பர் உள்ளேயே பொருந்திய லேட்டரல்) ஓடும். 60 சென்டிமீட்டருக்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பர் வீதம் மணிக்கு 18,000 லிட்டர். இன்ஜினால் இதை ஒரே வேளையில் தள்ள முடியாது என்று வைத்து இரண்டு பாத்தியாக்கினால், பாத்திக்கு ஒன்றரை மணி வீதம் நாளுக்கு மூன்று மணி நேரம். ஆண்டில் 180 நாள் பாய்ச்சினால் 540 மணி. இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது, லிட்டர் 93 ரூபாய் என்று கொண்டால் 50,220 ரூபாய். குழாய்க்கான ஆண்டுச் செலவைப் போல நான்கு மடங்குக்கு மேல்! டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, இரண்டு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரப்ப எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, உங்கள் இன்ஜினின் உண்மையான எண்ணை இடுங்கள்.

இலவச மின்சாரம் உள்ளவருக்குச் சிறிய குழாயால் வரும் அழுத்த இழப்பு பணமாகத் தெரியாது. உங்களுக்கு அது தினமும் டீசலாகக் கரையும். பக்கத்து வயல்காரர் 50 மில்லிமீட்டர் மெயின் போட்டிருக்கிறார் என்பதற்காக நீங்களும் அதையே போட்டுவிடாதீர்கள். மின் இணைப்பு வரும் ஆண்டைத் தாளில் ஒரு கட்டமாக வைத்து, அதுவரை டீசல், அதன்பின் சுழியம் என்று இரண்டு பகுதியாகக் கணக்கிடலாம்.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை, செல்போன்தான். தமிழிலேயே தாள் தயாரிக்க முடியுமா?

பதில்: முடியும். கூகுள் ஷீட்ஸ் போனில் ஓடும். கணினி கிடைக்கும்போது, விலையில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸிலும் அதே தாளைத் திறக்கலாம். பெயர்களை யூனிகோடு தமிழில் எழுதுங்கள். பழைய அச்சக எழுத்துருக்களில் எழுதினால் அடுத்தவர் போனில் கோழி கிளறியது போலத் தெரியும்.

கேள்வி: நான் சிறு விவசாயி. மானியம் நூறு சதவீதம் என்கிறார்கள். முழுவதையும் அரசே கொடுக்கும்போது நான் எதற்கு மதிப்பீடு போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? — ஓர் ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சதவீதம் அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டது. உங்கள் கிணறு தொலைவில் இருந்து மெயின் லைன் நீண்டுவிட்டாலோ, விதியில் சொன்னதைவிட நெருக்கமாகக் குழாய் கேட்டாலோ, மிச்சத்தைத் தருவது நீங்கள்தான். ஆகவே தாளில் மூன்று வரி வேண்டும்: மொத்த மதிப்பு, அலகுத் தொகைக்குள் மானியமாகக் கிடைப்பது, கையிலிருந்து போவது. மொத்த மதிப்பைக் குறைப்பதைவிட மூன்றாவது வரியைக் குறைப்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி வரியைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். சொட்டுநீர்க் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. பழைய தாளை நண்பரிடம் வாங்கிப் பயன்படுத்துபவர்கள் பலர் இன்னும் 12-ஐயே பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் தனியாக வாங்கும் பிவிசி குழாய்க்கு 18 சதவீதம் என்பதால் இரண்டையும் ஒரே விகிதத்தில் கலந்துவிடாதீர்கள்.

ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுபடி பெற ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை, போட்டுவிட்டுப் போன குழாயோடுதான் நீங்கள் காலம் தள்ள வேண்டும். அதனால் இலவசமாக வருகிறது என்பதற்காக என்ன வருகிறது என்று பார்க்காமல் விடுவது சரியல்ல. பொருள்கள் வந்து இறங்கும் நாளில் உங்கள் மதிப்பீட்டுத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லேட்டரல் சுருள்களை எண்ணி, மீட்டரைக் கூட்டி, தாளில் உள்ள எண்ணோடு பொருத்துங்கள். சாதாரண லேட்டரலில் ஐஎஸ் 12786, இன்லைன் குழாயில் ஐஎஸ் 13488, பிவிசி குழாயில் ஐஎஸ் 4985 என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். டேக்-ஆஃபும் எண்ட் கேப்பும் வரிசைகளின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்க வேண்டும்.

பொருத்தி முடித்து மோட்டாரைப் போட்டதும் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு முன், முதல் வரிசையின் முதல் டிரிப்பரின் கீழும் கடைசி வரிசையின் கடைசி டிரிப்பரின் கீழும் ஒவ்வொரு பெரிய டம்ளரை வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் என்றால் ஆறு நிமிடத்தில் 400 மில்லி விழ வேண்டும். கடைசி டம்ளரில் 360-க்குக் குறைவாக இருந்தால், வடிவமைத்தவரையே அங்கு அழைத்து, வால்வையோ குழாயையோ சரிசெய்யச் சொல்லிவிட்டு, மறுபடி பிடித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.